ஒரே வாரத்தில் சருமம் மாறிவிடுமா?

கேள்வி: இணையத்தில் ஆங்கிலத்தில் இருந்த சரும வகைக் கேள்வித்தாளை நிரப்பினேன். எண்ணெய்ப்பசை சருமம், எதையும் தாங்கும் என்று வந்தது. அடுத்த வாரம் அதையே தமிழில் நிரப்பினேன். வறண்ட சருமம், சென்சிடிவ் என்று வந்தது. சருமம் இப்படித் திடீரென்று மாறினால் கல்லீரலிலோ ரத்தத்திலோ பெரிய கோளாறு இருக்கலாம் என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மூக்கில் கரும்புள்ளிகளும் இருக்கின்றன. தோழி சொன்ன க்ரீமை எட்டு மாதமாகப் போடுகிறேன். அதை இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, போட்டால் அடங்கிவிடுகிறது. வேறு க்ரீம் மாற்ற வேண்டுமா?

பதில்: கல்லீரலை விட்டுவிடுங்கள். அதில் கோளாறு இருந்தால் அது கேள்வித்தாள் வழியாக வந்து சொல்லாது. மூக்கில் இருக்கும் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள், எல்லோருக்கும் உண்டு. பிதுக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படுவது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த க்ரீம் விஷயத்துக்குத்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது கேள்வித்தாள் என்கிறீர்கள். சரி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

நீங்கள் நிரப்பியது, அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி பாமன் உருவாக்கிய கேள்வித்தாளாகவோ அதைப் பார்த்து யாரோ செய்ததாகவோ இருக்கும். மூலத்தில் 64 கேள்விகள். வறட்சியா எண்ணெய்ப்பசையா, எளிதில் பாதிக்கப்படுமா தாங்குமா, நிறத்திட்டு விழுமா விழாதா, சுருக்கம் விழுமா விழாதா என்று நான்கு இரட்டைகள். அவற்றைக் கலந்தால் 16 வகை. மருத்துவரிடம் இருந்தால் பயனுள்ள கருவிதான். ஆனால் யாரோ ஒருவர் அதைக் கணினியில் போட்டுத் தமிழாக்கி ஏற்றிவிட்டால் அது அதே கருவியாக இருக்காது.

இப்படி ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முகம் கழுவியபின் தோல் இழுத்துப் பிடிப்பது போல் இருக்கிறதா என்பது இந்த மாதிரிக் கேள்வித்தாள்களில் தவறாமல் வரும் கேள்வி. முதல் வரைவில் 'முகம் இறுக்கமாக இருக்கிறதா?' என்று எழுதியிருந்தோம். படித்த ஒரு பெரியம்மா, "எனக்குக் கோபமே வராது டாக்டர்" என்று சொல்லி 'இல்லை' என்பதில் டிக் அடித்துவிட்டார். அவர் கன்னத்தில் வறட்சியால் வெள்ளைப் பொருக்கு பறந்துகொண்டிருந்தது! 'முகம் இழுக்கிறதா' என்று மாற்றியதும் "ஆமாம், சோப்பு போட்டாலே இழுக்கும்" என்றார்.

'உணர்திறன் மிக்க சருமமா?' என்ற கேள்வி இன்னும் மோசம். தொட்டால் தெரிகிறது, அப்போது உணர்திறன் இருக்கிறது என்று நினைத்துப் பாதிப் பேர் 'ஆம்' என்பார்கள். நீங்களும் அப்படித்தான் சென்சிடிவ் ஆகியிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

இதைத் தவிர்க்க ஒரு முறை இருக்கிறது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள், அதில் ஒருவருக்கு மருத்துவம் தெரியாமல் இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். மூல ஆங்கிலத்தையும் திரும்பி வந்த ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்தால் எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடும். அப்புறம் 30, 40 பேரிடம் கொடுத்து, 'இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன புரிந்தது?' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அந்தப் பெரியம்மா மாட்டியது இந்த இடத்தில்தான்.

அதன்பிறகுதான் கணக்கு. ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே திசையில் பதில் வருகிறதா என்று பார்க்க குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் இருக்கிறது, 0.7க்கு மேல் வந்தால் பரவாயில்லை என்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பக் கொடுத்தும் பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: எல்லோரும் ஒரே மாதிரித் தப்பாகப் புரிந்துகொண்டாலும் இந்த எண்கள் அழகாகவே வரும். கோபமே வராத பெரியம்மா இரண்டு வாரம் கழித்தும் 'இல்லை' என்றுதான் டிக் அடிப்பார். அதனால்தான் கடைசியில் தோலையே அளக்க வேண்டியிருக்கிறது. செபோமீட்டர் என்ற கருவியில் மங்கலான ஒரு நாடா உண்டு. நெற்றியில் சில விநாடி அழுத்தினால், எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அதன் வழியே எவ்வளவு ஒளி போகிறது என்று கருவி அளக்கும். அந்த அளவும் கேள்வித்தாளின் விடையும் ஒத்துப்போனால்தான் கேள்வித்தாளை நம்பலாம்.

மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் கேள்வி பொருந்தாமல் போவதும் உண்டு. வெயிலில் நின்றால் சிவந்து பொசுங்குமா, கறுக்குமா என்று கேட்டு வகை பிரிக்கும் முறையை தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்தார். புற ஊதாக் கதிர் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்க வந்தது அது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் வகைகள் இருந்தன, மாநிறமும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. மாநிறத் தோலில் சிவப்பே சரியாகத் தெரியாதபோது 'சிவக்கிறதா?' என்று கேட்டு என்ன பயன்? மேலும் சரும வகை ரத்த வகை மாதிரி இல்லை. பருவம், வயது, மாதவிலக்கு, மருந்து எல்லாவற்றுக்கும் கொஞ்சம் அசையும். அதுவெல்லாம் நோய் இல்லை.

இப்போது க்ரீம். விட்டால் எரியும், போட்டால் அடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் ஸ்டீராய்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. ட்யூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கதை இதுதான்: அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அமுக்கும். முதல் சில வாரம் முகம் தெளிந்தது போல இருக்கும், தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அந்தக் கட்டத்தில்தான். மாதக்கணக்கில் போனால் தோல் மெலியும். க்ரீமை விட்டதும் குழாய்கள் விரிந்து முகம் எரியும். பயந்துபோய்த் திரும்பப் போடுவீர்கள், அடங்கும். கன்னத்தில் நூல் போல் சிவப்புக் கோடுகள், புதிதாகப் பருக்கள், பூனைமுடி அடர்வது என்று ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

எட்டு மாதமாக இப்படி அமுக்கி வைத்த தோலிடம் எந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தாலும், எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்ததானாலும், உங்களுக்குக் கிடைப்பது க்ரீமின் பதில்தான். தோழி தோல் மருத்துவரா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது, இருக்கட்டும்.

வேறு க்ரீமுக்குத் தாவ வேண்டாம். இந்த வாரமே ட்யூபையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். எத்தனை மாதம், நாளுக்கு எத்தனை தடவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு ஒரேயடியாக நிறுத்துவோம், சிலருக்குப் படிப்படியாகக் குறைப்போம், தோலைப் பார்த்துத்தான் முடிவு. நிறுத்தியபின் முதல் சில வாரம் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் அந்த இடத்தில்தான் பழைய ட்யூபுக்குத் திரும்புகிறார்கள். மாதங்கள் எடுத்தாலும் பெரும்பாலும் முகம் தேறிவிடும், நூல் கோடுகள் மட்டும் சிலருக்குத் தங்கிவிடும்.

இமையிலோ கண்ணைச் சுற்றியோ அதைப் பூசியிருந்தால், கண் மருத்துவரிடமும் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கலாக இருந்தால் அதற்கு முதலில் போங்கள்.