விக்டோரியா காலத்து உழைக்கும் பெண்களும் ஓய்வு இல்லங்களும்: கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் உழைக்கும் பெண்களுக்காக நன்கொடையில் நடந்த ஓய்வு இல்லங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (ஒரு வாசகி, மதுரை): நோய் தேறும் இல்லமும் விடுமுறை இல்லமும் ஒன்றுதானா?

பெயரளவில் வேறு. மருத்துவமனைக்கு அடுத்த நோயாளிக்கான கட்டில் தேவைப்பட்டது. காய்ச்சல் தணிந்ததும் வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கோ, குடும்பமே அடைந்து கிடக்கும் ஒற்றை அறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1840 முதல் நோய் தேறும் இல்லங்கள் பெருகின. சில வாரக் கடற்காற்று, வேளாவேளைக்கு உணவு, தூக்கம் ஆகியவையே அங்கே மருந்து. விடுமுறை இல்லமோ நோயில்லாத பெண்ணுக்கு ஒன்றிரண்டு வாரம் இடம் தந்தது. ஆனால் சலவைக்கூடத்தின் நீராவியில் நாள் முழுவதும் நின்று, ரத்தசோகையால் வெளுத்துப்போன பதினெட்டு வயதுப் பெண்ணை நோயாளி என்பதா, களைத்தவள் என்பதா? இந்த எல்லைக்கோட்டை எவராலும் உறுதியாகப் போட முடிந்ததில்லை.

கேள்வி (சேலத்திலிருந்து ஒருவர்): பெண்களுக்கென்று தனி இல்லம் ஏன்?

அன்று கூலி வேலை செய்த பெண்களில் மிகப் பெரிய கூட்டம் வீட்டுப் பணிப்பெண்கள். எஜமானர் வீட்டிலேயே தங்கியவர்கள் என்பதால், படுத்துவிட்டால் வேலையோடு கூரையும் போயிற்று. 1855இல் வேர்விட்ட இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கமும், மேரி டவுன்சென்ட் அம்மையார் 1875இல் தொடங்கிய ஆங்கிலிக்கத் திருச்சபையின் பெண்கள் நட்புச் சங்கமும் விடுதிகளையும் ஓய்வில்லங்களையும் நடத்தியதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒழுக்கத்தைப் பற்றிய கவலை. நட்புச் சங்கத்தில் சேரவே களங்கமற்ற நடத்தை நிபந்தனையாக இருந்தது. ஒருமுறை தவறியவள் எனப் பெயர் வாங்கியவளுக்கு அந்தக் கதவு திறக்காது என்பதை, அச்சங்கத்தின் நற்பணிகளைப் பாராட்டும்போதும் மறக்கலாகாது.

கேள்வி (ஒரு மருத்துவ மாணவி): யாரைச் சேர்த்துக்கொண்டார்கள்?

பல இல்லங்களில் சிபாரிசுக் கடிதமே நுழைவுச்சீட்டு. ஆண்டுச் சந்தா கட்டும் கனவான்களுக்கு, கட்டிய தொகைக்கேற்பச் சில கடிதங்கள் கிடைக்கும்; அவற்றைத் தமக்குத் தெரிந்த ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். ஆகவே காய்ச்சலிலிருந்து எழுந்த பெண், நடக்கத் தெம்பில்லாத நிலையில், கடிதம் வைத்திருக்கும் சீமாட்டி யாரென்று தேட வேண்டியிருந்தது. தொற்றுநோய், முற்றிய காசநோய், வலிப்பு, கர்ப்பம் ஆகியவை பொதுவாக விலக்கப்பட்டன. மிகுந்த தேவை உள்ளவர்களே வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று தோன்றும். ஆனால் செவிலியர் ஓரிருவரே உள்ள இல்லத்தில் காசநோயாளியைச் சேர்ப்பது மற்றவர்களுக்கு ஆபத்து என்பதும் உண்மையே.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு தொழிற்சங்க உறுப்பினர்): முற்றிலும் இலவசமா?

பெரும்பாலும் இல்லை. 1888இல் லண்டனில் தோன்றிய ஆலைப் பெண்கள் கிராம விடுமுறை நிதியிலும், செலவில் ஒரு பகுதியைப் பெண்களே செலுத்தினார்கள். பிச்சை என்ற எண்ணம் வரக்கூடாது என்பது நடத்தியவர்களின் வாதம். எனினும் உண்மையான செலவு அந்தச் சில ஷில்லிங்குகள் அல்ல. வேலைக்குப் போகாத வாரத்தின் கூலி. ஊதியத்துடன் விடுப்பு என்பதே இல்லாத காலத்தில், வீட்டு வாடகைக்கு அவள் கூலியை நம்பியிருந்த தாய் அவளைக் கடற்கரைக்கு அனுப்பத் தயங்கியதில் வியப்பில்லை. அதே 1888இல்தான் லண்டனின் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக எழுதிய அன்னி பெசன்ட் பின்னாளில் நம் அடையாற்றுக்கு வந்தவரேதான்.

கேள்வி (ஒரு வாசகர், திருச்சி): உழைப்பவர்களின் பக்கம் நின்று யாரும் நடத்தவில்லையா?

இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. மெதடிஸ்ட் திருச்சபையின் சேவை அமைப்பான மேற்கு லண்டன் மிஷனில் பணியாற்றிய எம்மெலின் பெதிக்கும் மேரி நீலும் 1895இல், தையல் வேலை செய்யும் பெண்களுக்காக எஸ்பெரான்ஸ் மன்றத்தைத் தொடங்கினார்கள். செல்வர்களின் விருந்துப் பருவத்தில் நள்ளிரவு வரை தைப்பதும், பருவம் முடிந்தால் வேலையின்றி நிற்பதும் அப்பெண்களின் வாழ்க்கை. மன்றத்து மாலைப் பொழுதுகளால் மட்டும் இது மாறாது என்று கண்ட இருவரும், ஒரு தையல் நிலையத்தையே நிறுவி, எட்டு மணி நேர வேலை, வாரம் குறைந்தது 15 ஷில்லிங் கூலி, ஆண்டு விடுமுறை என்று வகுத்தார்கள். லிட்டில்ஹாம்ப்டன் கடற்கரையில் ‘பச்சைச் சீமாட்டி’ என்ற விடுதியும் அமைந்தது. மற்றவர்கள் ஓய்வை நன்கொடையாகத் தந்தபோது, இவர்கள் அதை வேலை நிபந்தனைகளுள் ஒன்றாக எழுதினார்கள். எம்மெலின் பின்னர் பெண் வாக்குரிமைக்குப் போராடிய சங்கத்தின் பொருளாளரானது இதன் தொடர்ச்சியே என்பது என் கருத்து.

கேள்வி (ஒரு வாசகி, தஞ்சாவூர்): இவை எப்போது தேவையற்றுப் போயின?

ஒரே நாளில் அல்ல. 1911இன் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நோய்க்காலத்தில் ஆண்களுக்கு வாரம் 10 ஷில்லிங்கும், பெண்களுக்கு ஏழரை ஷில்லிங்கும் வழங்கியது. 1948இல், எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. இடையில் 1938இன் ஊதிய விடுப்புச் சட்டம், குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் குழுக்கள் இயங்கிய தொழில்களில், ஒரு வாரம் வரை விடுப்பு அளிக்கும்படி ஆணையிட அக்குழுக்களுக்கு அதிகாரம் தந்தது. வீட்டுப் பணிப்பெண்களுக்கென்று அப்படி ஒரு குழுவே இல்லாததால், அவர்களுடைய விடுப்பு எஜமானியின் மனத்தைப் பொறுத்ததாகவே நீடித்தது.