மடலை ஒட்டாதீர்கள்

கேள்வி: ஐந்து வருடமாக ஸ்டோன்வேர் என்ற, அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் களிமண்ணில் சிற்பம் செய்கிறேன். வாழைப்பூ, பவளம், விதைக்காய் என எல்லாம் இயற்கையில் பார்த்த உருவங்கள்தான். பத்தில் மூன்று சூளையில் வெடித்துவிடுகின்றன. சிலவற்றில் மடல் கழன்றுவிடுகிறது. தப்பியதைக் கண்காட்சியில் வைத்தால் ‘அசல் மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். என் ஆசிரியர் மட்டும், ‘உயிர் இல்லையேம்மா’ என்றார். குறை என் கையிலா, கண்ணிலா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களில் மடல் கழன்ற வாழைப்பூவைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டியான ஒரு கூம்பைப் பிடித்து, அது பாதி காய்ந்தபின் மடல்களைத் தனியாகத் தட்டி மேலே ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று வருத்தங்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அடைபட்ட காற்றால் வெடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். கெட்டி மண்ணின் நடுவில் தங்கிய நீர் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. மடல் கழல்வது வேறு கணக்கு: ஈர மடல் அதிகம் சுருங்கும், காய்ந்த உடல் குறைவாகச் சுருங்கும், ஒட்டு விட்டுப்போகும்.

இனி வாழைப்பூவுக்கு வருவோம். சமையலுக்கு எத்தனை முறை ஆய்ந்திருப்பீர்கள்! எந்த மடலாவது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? ஒவ்வொன்றும் உள்ளே சுருண்டிருந்து, சுழல்வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்கிறது. அடியில் பூக்கள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் பூவில் மடலின் நரம்புகூட அச்சாக இருக்கிறது. அந்த உள்ளிருந்து எழும் விசைதான் காணோம்.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் பெர்னார் பாலிஸி என்ற குயவர், நிஜப் பாம்பு, பல்லி, மீன்களிலிருந்து அச்சு எடுத்துத் தட்டுகளில் பதித்தார். அந்தத் திறமையை வணங்குகிறேன். ஆனாலும் என் மனம் போவது டென்மார்க்கின் மண்கலைஞர் ஆக்ஸல் சால்டோவிடம் (1889–1961). அவருடைய ஜாடிகளில் எந்தச் செடி என்று பெயர் சொல்ல முடியாது. ஆனால் சுவரிலிருந்தே மொட்டுகள் முட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். இயற்கையின் தோற்றத்தை அல்ல, அது வளரும் விதத்தைப் பிடித்தவர் அவர். நீங்கள் போக வேண்டிய திசை அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வழி நம் குயவர்களிடமே இருக்கிறது. உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித்தானே பானையின் வயிற்றை விரிக்கிறார்கள்? அய்யனார் குதிரை செய்யும் வேளார்களும் அத்தனை பெரிய உருவத்தை உள்ளே வெற்றிடமாகத்தான் எழுப்புகிறார்கள். மண்ணில் மணலும் உமியும் கலப்பார்கள். உமி சூட்டில் எரிந்து சிறு துளைகளை விட்டுப்போகும்.

நீங்களும் மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி எழுப்புங்கள். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மண் இளகியிருக்கும்போதே உள்ளே விரலை விட்டு, மடல் பிறக்கும் இடத்தை வெளியே தள்ளுங்கள். அந்தப் புடைப்பையே இழுத்து மெலிதாக்கி மடலாக்குங்கள். ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில் இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும். கீறி, களிக்குழம்பு தடவி அழுத்துங்கள். அடியில் ஒரு துளை விடுங்கள். பாலித்தீன் போர்த்தி, இரண்டு மூன்று வாரம் மெல்லக் காயவிடுங்கள். மடல் நுனிதான் முதலில் காயும், அதை மட்டும் ஈரத்துணியால் மூடிவையுங்கள்.

சூளையை இரவு முழுவதும் 90 டிகிரிக்குள் வைத்திருங்கள். பிறகு 600 வரை நிதானமாக ஏற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும். ஆறும்போது அதே சூட்டில் சட்டென்று சுருங்கும். அதனால் ஆசை மிகுந்து சூளைக் கதவைச் சூட்டோடு திறந்துவிடாதீர்கள்.

முதல் பூ உள்ளங்கை அளவு போதும். அசல் வாழைப்பூவைப் பக்கத்தில் வைக்காமல் செய்யுங்கள். சுட்டு முடித்ததும் கண்காட்சிக்கு அனுப்பாமல், முதலில் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.