"எனக்கு ஆறு மணி நேரமே போதும், டாக்டர்!" – தூக்கம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ராத்திரி ஏழரை மணி நேரம் தூங்குகிறேன். ஆனால் ஆழ்ந்த தூக்கம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்கிறது என் ஸ்மார்ட் வாட்ச். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பெரியவர்களுக்கு அந்த அளவு சரியானதுதான். மேலோட்டமான தூக்கத்தில் தொடங்கி, ஆழத்துக்கு இறங்கி, மூடிய இமைக்குள் விழிகள் ஓடும் 'ரெம்' நிலைக்கு வருவது ஒரு சுற்று. அதற்கு ஏறத்தாழ 90 நிமிடம். இரவில் நாலைந்து சுற்று ஓடும். இதில் ஏறக்குறைய பாதி, நடுத்தரமான இரண்டாம் நிலையிலேயே கழியும். அதுவும் வீண் இல்லை. அப்புறம், வாட்ச் உங்கள் மூளை அலைகளைப் பார்ப்பதில்லை. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. காலையில் அதைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: பல வருடங்களாக ஆறு மணி நேரம்தான் தூங்குகிறேன். உடம்பு பழகிவிட்டது. பிறகென்ன?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பழகியது உடம்பா, உங்கள் எண்ணமா என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆரோக்கியமானவர்களைக் குழுக்களாகப் பிரித்து, 14 நாட்களுக்குத் தினமும் நான்கு, ஆறு அல்லது எட்டு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். ஆறு மணி நேரக் குழுவின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. கடைசியில், முழு இரவு கண்விழித்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டது. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டபோது, "கொஞ்சம்தான்" என்றார்கள்! முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன தூக்கக்கலக்கம் பெரிதாக ஏறவே இல்லை. தவறுகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. தூக்கம் கெட்ட மூளையே தன்னைப் பற்றித் தீர்ப்பும் சொல்கிறது. அந்தத் தீர்ப்பை நான் நம்புவதில்லை.

குறைந்த தூக்கத்தில் நிஜமாகவே நன்றாக இயங்குபவர்கள் உண்டு, மிக அபூர்வம். விடுமுறையில் அலாரம் இல்லாமல் படுத்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்கினால் நீங்கள் அந்த ரகம் இல்லை.

கேள்வி: வேலைக்காக நான்கு மணிக்கே எழுகிறேன். கனவே வருவதில்லையே?

ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கனவுகள் செறிந்த ரெம் விடியலை ஒட்டி நீளும். படுக்கும் நேரத்தை மாற்றாமல் கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டினால், ரெம்மில்தான் பெரிய வெட்டு விழும். சீக்கிரம் படுங்கள்.

கேள்வி: விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் கை காலை அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

பேயும் இல்லை, பக்கவாதமும் இல்லை. கனவில் ஓடும்போது நிஜத்தில் ஓடிவிடாமல் இருக்க, ரெம் நேரத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போடும். கட்டு அவிழும் முன் நினைவு வந்துவிட்டால் இப்படி ஆகும். ஓரிரு நிமிடத்தில் தானே விலகும். தூக்கம் குறைந்த நாட்களில் அதிகம் வரும். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கினால் கணக்கு நேராகிவிடுமா?

ஓரளவுதான். 1964 ஜனவரியில் 264 மணி நேர விழிப்பை முடித்த 17 வயது அமெரிக்கப் பள்ளி மாணவர் ராண்டி கார்ட்னர், அதன்பின் ஒரே மூச்சில் தூங்கியது சுமார் 14 மணி நேரமே. இழந்த ஒவ்வொரு மணியையும் உடல் திரும்பக் கேட்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தை முந்தி எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஞாயிறு மதியம் வரை படுத்தால் அன்றிரவு தூக்கம் வராது. திங்கள் காலை மறுபடியும் அதே கதை.

கேள்வி: இரவில் கார் ஓட்டும்போது கண் சொக்கினால் ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமாக வைக்கிறேன். போதுமா?

போதாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் அணைந்து போகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி என்றால், சுமார் 67 மீட்டர் தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு, உடனே 20 நிமிடம் கண் மூடுங்கள். நீங்கள் எழும் நேரத்துக்குத்தான் காபியும் வேலையை ஆரம்பிக்கும்.