தொட்டி வழியும் முன் கூப்பிடும் கருவி: வாசகர் கேள்வி–பதில்

குளியல் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்கும் நீர்மட்ட அலாரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: எங்கள் தொட்டியின் மேல்பகுதியில் ஒரு துளை இருக்கிறது. அதிகத் தண்ணீர் அதன் வழியாகப் போய்விடுமே, அலாரம் எதற்கு?

ப: துளை அடைபடாமல் இருக்க வேண்டும், குழாய் கொட்டும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவும் வேண்டும். அப்படியானால் போய்விடும். மூடித்தட்டுக்குப் பின்னால் தலைமுடியும் சோப்புக் கசடும் சேரச் சேர வழி சுருங்கிக்கொண்டே வரும். தட்டைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இருப்பதில்லை.

அதைவிட மோசமானது அங்கே இருக்கும் ரப்பர் வாஷர். அந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் என்பதால் ரப்பர் காய்ந்து, இறுகி, வெடித்துப்போகும். பிறகு துளைக்குள் புகுந்த தண்ணீர் கழிவுக்குழாய்க்குப் போகாமல் தொட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து தரைக்கடியில் இறங்கும். குளியலறையில் சொட்டு ஈரம் தெரியாது, கீழ்த்தளத்துக் கூரையில்தான் கறை தெரியும்.

ஒருமுறை சோதித்துவிடுங்கள். துளை வரை நிரப்பி, குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, 5 நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். மட்டம் துளையின் மேல்விளிம்பைத் தாண்டி ஏறினால் துளை போதவில்லை, உடனே குழாயை மூடிவிடலாம். பக்கவாட்டுப் பலகையைக் கழற்ற முடிந்தால் டார்ச் அடித்துப் பின்புறம் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வெந்நீர் வீணாவதைத் துளை தடுக்காது.

கே: அலாரத்தை எந்த உயரத்தில் வைப்பது? விளிம்புக்குச் சற்றுக் கீழே என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

ப: அந்த ‘சற்று’தான் ஆபத்து. தொட்டி காலியாக இருக்கும்போது உயரத்தைக் குறிப்பவர்கள் ஆள் உள்ளே இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். 60 கிலோ எடையுள்ளவர் தலையை மட்டும் வெளியே வைத்துப் படுத்தால் சுமார் 50 லிட்டர் தண்ணீரை மேலே தள்ளுவார்.

தண்ணீர் நிற்கும் மட்டத்தில் தொட்டியின் உள்நீளம் 140 செ.மீ., அகலம் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி குறுகலாக இருக்கும், அங்கே அளந்தால் கணக்கு தவறும். 140 × 55 = 7,700 சதுர செ.மீ. அதாவது மட்டம் 1 செ.மீ. உயர 7.7 லிட்டர் வேண்டும். 50 லிட்டரை 7.7-ஆல் வகுத்தால் 6.5 செ.மீ. ஆள் படுத்ததும் மட்டம் இவ்வளவு ஏறும்.

இதோடு நீங்கள் வந்து சேரும் நேரத்தையும் கூட்ட வேண்டும். 10 லிட்டர் வாளி 50 விநாடியில் நிரம்பினால் குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் தருகிறது. ஒலி கேட்டு, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வர 2 நிமிடம் என்றால் 24 லிட்டர், அதாவது இன்னொரு 3 செ.மீ. ஆக மொத்தம் 9.5 செ.மீ. எனவே மேல்துளையின் கீழ்விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே, தண்ணீர் தொட்டதும் அலாரத்தை ஒலிக்கவைக்கும் கம்பிகளின் முனைகள் இருக்கட்டும். 90 கிலோ எடையுள்ளவர் குளிக்கும் வீட்டில் 14 செ.மீ. தேவைப்படும்.

கணக்கு போட அலுப்பாக இருந்தால், பாதித் தொட்டி நிரப்பி மட்டத்தில் ஒரு நாடாத் துண்டை ஒட்டுங்கள். வீட்டிலேயே அதிக எடையுள்ளவர் படுத்ததும் மட்டம் எவ்வளவு ஏறியது என்று அளந்து பாருங்கள். உண்மையில் இதுதான் கணக்கைவிட நம்பகமான வழி.

கே: நானே செய்து பார்க்க ஆசை. சால்டரிங் தெரியும். என்னென்ன வேண்டும்?

ப: 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், பிசி 547 ட்ரான்சிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, டிசி பஸ்ஸர் ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இரண்டு துண்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. அவ்வளவுதான்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து இரண்டு வயர் கிளம்பும். ஒன்று முதல் கம்பிக்கு, மற்றது பஸ்ஸரின் பிளஸ்ஸுக்கு. ட்ரான்சிஸ்டருக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். பஸ்ஸரின் மைனஸ் கலெக்டருக்குப் போகும். எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. இரண்டாவது கம்பி 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு. 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் போடுங்கள்.

தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் அதன் வழியாகச் சிறு மின்னோட்டம் பேஸுக்கு வரும். குழாய்த் தண்ணீரில் 1 செ.மீ. இடைவெளியில் மின்தடை பெரும்பாலும் சில ஆயிரம் ஓமிலிருந்து சில பத்தாயிரம் ஓம் வரை இருக்கும். 20 ஆயிரம் ஓம் என்று வைத்தால் பேஸுக்கு 0.27 மில்லி ஆம்பியர் கிடைக்கும். ட்ரான்சிஸ்டர் அதை 100 மடங்குக்கு மேல் பெருக்கும், 20 மில்லி ஆம்பியர் கேட்கும் பஸ்ஸருக்கு இது தாராளம்.

10 கிலோ ஓம் இல்லாமலும் வேலை செய்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் 9 வோல்ட் நேராக பேஸில் பாய்ந்து ட்ரான்சிஸ்டர் போய்விடும். அந்த ரெசிஸ்டர் இருந்தால் கம்பிகளைத் தொடுபவர் உடலிலும் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது.

புதிதாகச் செய்பவர்கள் இரண்டு இடத்தில் சிக்குகிறார்கள். பிசி 547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதற்குப் பதிலாக 2என் 3904 வாங்கினால் வரிசை தலைகீழ். அடுத்தது பஸ்ஸர். பேட்டரியில் நேரடியாக வைத்தால் தொடர்ந்து கத்துவதுதான் வேண்டும். ‘டிக்’ என்று ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டால் அது உள்ளே ஆசிலேட்டர் (தானே ஒலியலையை உண்டாக்கும் சுற்று) இல்லாத வகை, இங்கே உதவாது.

கம்பிகளை 1 செ.மீ. இடைவெளியில், முனைகள் நேராகக் கீழே பார்க்கும்படி அமையுங்கள். கீழ்நுனியில் 5 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும், மீதி முழுவதும் பிளாஸ்டிக் உறைக்குள். செம்புக் கம்பி வேண்டாம். நேர்மின்னோட்டத்தில் பிளஸ் பக்கக் கம்பி மெல்லக் கரையும், பச்சைப் பாசி படிந்ததுபோல் ஆகும். டப்பாவை விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். உறிஞ்சு ரப்பர் சோப்புப் படிந்த பரப்பில் வழுக்கி விழும்.

ஆன்–ஆஃப் சுவிட்ச் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் தொடாதவரை இந்தச் சுற்று கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. சுவிட்ச் இருந்தால், என்றைக்காவது அதைப் போட மறப்போம்.

கே: பேட்டரிக்குப் பதில் செல்போன் சார்ஜர் போன்ற அடாப்டர் போடலாமா?

ப: கூடாது. தண்ணீரில் ஆள் இருக்கிறார், கம்பிகளும் அதே தண்ணீரில் இருக்கின்றன. அடாப்டருக்குள் மின்காப்பு பழுதானால் வீட்டு மின்சாரம் அந்தத் தண்ணீருக்கே வரும். பேட்டரி மட்டும்.

கே: தண்ணீரை வடித்த பிறகும் அலாரம் நிற்காமல் முனகுகிறது. சில நாள் தொட்டியே காலி, அப்போதும்!

ப: கம்பிகளுக்கு நடுவே ஈரப் பாலம் உண்டாகியிருக்கிறது. பெரும்பாலும் அது நுனியில் இருக்காது. மேலே, இரண்டு கம்பிகளும் டப்பாவிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு சொட்டு தங்கியிருக்கும். வெந்நீர் ஆவி படிந்து உண்டாகும் மெல்லிய படலமும் போதும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உறைகளைச் சுற்றித் தனித்தனியாக சிலிகான் பூசுங்கள். பிறகும் முனகினால் பேஸ்–எமிட்டர் இடையே உள்ள 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு 22 கிலோ ஓம் போடுங்கள். அப்போது ஏறக்குறைய 3 லட்சம் ஓமுக்கு மேல் தடையுள்ள ஈரத்தை அது கண்டுகொள்ளாது, தண்ணீருக்கு மட்டும் ஒலிக்கும்.

இதற்கு நேர்மாறான புகாரும் வருகிறது. கனிமங்கள் மிகக் குறைந்த, வடிகட்டிய தண்ணீரில் ஒலியே எழாமல் போகலாம். அங்கே ட்ரான்சிஸ்டரை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, நீர்மட்டத்தோடு ஏறும் மிதவையால் இயங்கும் மிதவை சுவிட்சுக்குப் போய்விடுவது நல்லது.

கே: நுரைக்குளியல் போடும்போது தொட்டி பாதி நிரம்புவதற்குள் கத்திவிடுகிறது. குளியல் எண்ணெய் ஊற்றிய அன்று கத்தவே இல்லை. ஏன் இந்த முரண்?

ப: நுரையும் தண்ணீர்ப் படலம்தான், மின்சாரத்தைக் கடத்தும். அது மட்டத்துக்கு மேலே குவிவதால் முன்கூட்டியே கம்பிகளைத் தொட்டுவிடுகிறது. எண்ணெய் கடத்தாது. மேலே மிதந்து, முதலில் கம்பியைத் தொட்டு உறைபோல் படிந்துவிடுகிறது. குளியல் உப்பால் தொல்லை இல்லை, கடத்துதிறன் கூடத்தான் செய்யும்.

நுரைக்கு வழி: 2 செ.மீ. குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பிகளை வையுங்கள். குழாயின் அடிவாய் திறந்து, நுனிகளைவிட 5 செ.மீ. கீழே இறங்கியிருக்கட்டும். மேலே காற்றுப் போக ஒரு சிறு துளை கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரை ஏறவிடாது. மட்டம் அடிவாயைத் தாண்டிய பிறகு நுரைத்திரவத்தை ஊற்றினால் நுரை வெளியிலேயே நின்றுவிடும். எண்ணெய் பயன்படுத்திய பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் நுனிகளைக் கழுவுங்கள்.

இரண்டையும் அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு மிதவைதான் பொருத்தம். மிதவைக்குள் காந்தம், அது ஏறி இறங்கும் தண்டுக்குள் ரீட் சுவிட்ச் (காந்தம் நெருங்கினால் இணையும் சுவிட்ச்). பேட்டரி, பஸ்ஸர், சுவிட்ச் மூன்றையும் வரிசையாக இணைத்தால் முடிந்தது, ட்ரான்சிஸ்டரே வேண்டாம். எதிரி, தண்டில் சுற்றும் தலைமுடியும் சுண்ணாம்புப் படிவும். மாதம் ஒருமுறை மிதவையை விரலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தடையில்லாமல் நழுவ வேண்டும்.

கே: வீட்டுப் பெரியவருக்கு அந்தக் கீச்சொலி கேட்பதில்லை. இன்னும் சத்தமான பஸ்ஸர் வாங்கலாமா?

ப: சத்தத்தைக் கூட்டுவதைவிட சுருதியைக் குறையுங்கள். சிறிய பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. வயதாகும்போது முதலில் மங்குவது உயர்சுருதிக் கேள்திறன்தான், மூடிய கதவும் அந்தச் சுருதியைத்தான் அதிகம் விழுங்கும். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பஸ்ஸரைத் தேடுங்கள். பஸ்ஸரை மட்டும் இருவயரில் நீட்டி, அவர் உட்காரும் அறையில் வைக்கலாம், 10 மீட்டர் தூரம் ஒரு பொருட்டே அல்ல. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடியை பஸ்ஸருக்கு இணையாகப் போட்டால் கண்ணுக்கும் தெரியும்.

கே: குழாயே தானாக மூடிக்கொள்ளும்படி வால்வு வைத்தால் என்ன?

ப: நல்ல எண்ணம்தான். ஆனால் வால்வைத் தேர்ந்தெடுப்பதில் தவறு நடக்கிறது. பரவலாகக் கிடைக்கும் சாலினாய்டு வால்வுகளில் (மின்காந்தத்தால் இயங்குபவை) பல, தண்ணீரின் அழுத்தத்தையே துணைக்கு எடுத்துக்கொண்டு திறந்து மூடுபவை. அவற்றுக்குக் குறைந்தபட்ச அழுத்தம், சாதாரணமாக 0.2 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில், தேவை. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார். மேல்தொட்டியின் மட்டம் குழாயைவிட 2 மீட்டர்தான் உயரம் என்றால் சரியாக அந்த எல்லையில் நிற்கிறீர்கள். குழாயைத் திறந்தால் இன்னும் குறையும், வால்வு அரைகுறையாக மூடிக் கசியும். அங்கே மோட்டாரில் இயங்கும் பந்து வால்வு வையுங்கள். சில விநாடி எடுத்து மெல்ல மூடுவதால் குழாயில் ‘டமார்’ என்ற அதிர்ச்சியும் வராது.

சாலினாய்டுதான் என்றால், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை. வால்வு இருந்தாலும் அலாரத்தைக் கழற்ற வேண்டாம்.

கே: தரையில் வைக்கும் வைஃபை கசிவு உணரி இருக்கிறது. போதாதா?

ப: அது தண்ணீர் தரைக்கு வந்த பிறகு சொல்லும். செய்தியும் செல்போனுக்குப் போகும், போன் சைலன்ட்டில் இருக்கும். இரண்டாவது காவலாக இருக்கட்டும்.

கே: இதே கருவியை மொட்டைமாடித் தொட்டிக்கும் வைக்கலாமா?

ப: கம்பி வகையை வேண்டாம் என்போம். குளியல் தொட்டியில் அது சில நிமிடம்தான் நனைகிறது. மாடித் தொட்டியில் நிறைந்த மட்டத்தில் மணிக்கணக்காக மூழ்கியிருக்கும். கம்பி அரிக்கும், 20 மில்லி ஆம்பியர் பஸ்ஸர் ஒரு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியை ஒரு நாளில் காலி செய்யும். அங்கே மிதவை சுவிட்ச், அதோடு ஒலியை மட்டும் நிறுத்த ஒரு சுவிட்ச்.

கே: குழந்தை குளிக்கும்போது அலாரம் இருக்கிறதே என்று நகரலாமா?

ப: ஒரு நொடியும் கூடாது. குழந்தை மூழ்குவதற்குச் சில செ.மீ. தண்ணீர் போதும், அலாரத்தின் மட்டம் அதற்கு எவ்வளவோ மேலே.

கே: பேட்டரி எப்போது தீர்ந்தது என்று எப்படித் தெரியும்?

ப: தெரியாது, அதனால்தான் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயைத் திறக்கும் முன் ஈரவிரலால் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தொடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் அன்றே மாற்றுங்கள். ஒலித்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. குளியலறை ஈரத்தில் கிளிப்பின் முனைகளும் பச்சை பிடிக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

கே: எல்லாம் மீறி வழிந்துவிட்டால் முதலில் எதைச் செய்வது?

ப: தண்ணீர் பிளக் பாயின்ட்டையோ தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயரையோ நெருங்கியிருந்தால் முதலில் மெயின் சுவிட்ச், ஈரத்தில் கால் வைக்காமல் அதை எட்ட முடிந்தால் மட்டும். முடியாவிட்டால் உள்ளே இறங்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த ஆபத்து இல்லையென்றால் நேராகக் குழாயை மூடுங்கள். அடைப்பானை எடுக்கும் முன் தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் கையைப் பொசுக்கும்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. நின்றால் அது 1 லிட்டர். 4 சதுர மீட்டர் தரையில் 5 மி.மீ. என்றால் 20 லிட்டர், துணியால் துடைத்து மாளாது, தள்ளுகட்டையால் வடிகாலுக்குத் தள்ளுங்கள். தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, அடியில் தேங்கியதை ஒற்றி எடுத்து, 2 நாளாவது மூடாமல் விடுங்கள்.