சிரித்ததுதான் தவறு

கேள்வி: என் அக்கா பையன் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறானுங்க. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய மெயிலில் 'ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்பஸஸ்' (எப்படிப் பார்த்தாலும் என்று அர்த்தம்) என்று எழுத வேண்டியதை 'ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்பஸஸ்' என்று எழுதிவிட்டான். மானேஜர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்ட, ஆபீஸே சிரித்திருக்கிறது. வீட்டில் சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன். இப்போது மெயில் எழுதவே தயங்குகிறான். அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு இந்த அலங்காரமெல்லாம் எதற்குங்க?
- ஒரு வாசகர், அவிநாசி

பதில்: முதலில் பையனிடம் போய், 'நான் சிரிச்சது தப்புதான் கண்ணு' என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்தத் தொடரை வேகமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'அண்ட்' தேய்ந்து வெறும் 'அன்' ஆகிவிடும். 'இன்டென்ட்ஸன் பர்பஸஸ்' என்றுதான் காதில் விழும். பையர்கள் வீடியோ காலில் பேசுவதைக் கேட்டுத்தான் பிடித்திருப்பான். புத்தகத்தைப் பார்த்து எழுதியவனுக்கு இந்தத் தவறு வராது. சரியாகக் காதில் விழாத இடத்தில், தனக்குத் தெரிந்த சொல்லில் அர்த்தம் தரக்கூடிய ஒன்றைப் பொருத்திக்கொண்டான். 'இன்டென்சிவ்' என்றால் தீவிரமான. அந்த இடத்தில் வைத்தால் ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர்களும் இங்கிலாந்துக்காரர்களும் இதே தவறை எழுதுகிறார்கள். அகராதிக்காரர்கள் எச்சரிக்கும் அளவுக்கு அங்கே பரவிய தவறு இது. திருப்பூர்ப் பையன் மட்டும் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

இதற்கு மொழியியலில் பெயரே உண்டு. ஓக் மரத்தின் கொட்டையை 'ஏகார்ன்' என்பார்கள். ஒரு பெண் அதை 'எக் கார்ன்' என்று எழுதிவந்தார். அந்தக் கொட்டையும் பார்க்க முட்டை மாதிரிதான் இருக்கும், ஆக அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இப்படித் தவறாகக் கேட்டாலும் அர்த்தத்தோடு கேட்கிற சொற்களுக்கு 'எக்கார்ன்' என்றே பெயர் வைக்கலாம் என்று 2003-இல் ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலாளர் சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது.

அப்புறம், இன்று சரியென்று நாம் அச்சடிக்கும் ஆங்கிலத்திலேயே இப்படிப்பட்டவை உண்டு. கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளையை 'பிரைட்க்ரூம்' என்று போடுகிறோமே, பழைய ஆங்கிலத்தில் அது 'பிரைட்குமா'. 'குமா' என்றால் ஆள். அந்தச் சொல் வழக்கொழிந்து போனதும், அர்த்தம் புரியாத இடத்தில் பையன், வேலையாள் என்ற பொருளிருந்த 'க்ரூம்' என்ற சொல்லை மக்களே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். யாரும் திருத்தவில்லை.

நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் கேட்ட லட்சணத்தையும் பாருங்கள். முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரல் அவர்களுடைய சிப்பாய்களின் வாயில் 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆயிற்று. 1886-இல் யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதிக்கு அதையே தலைப்பாகவும் வைத்தார்கள். நம் மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' என்று அந்த அகராதியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் தப்பாகக் கேட்டால் அகராதி, நம் பையன் தப்பாகக் கேட்டால் கேலி என்பதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் ஊர்ப் பக்கமே வருகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் தொங்கும் போர்டைப் படித்திருப்பீர்கள்: 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை'. மெஷினின் பெயர் ஃபிளாட்லாக். துணியின் இரண்டு விளிம்புகளையும் தட்டையாகச் சேர்த்துத் தைப்பதால் அந்தப் பெயர். பேட்லாக் என்றால் ஆங்கிலத்தில் பூட்டு. ஆனால் அந்த போர்டைப் பார்த்து வேலைக்கு வந்த ஒரு டெய்லராவது குழம்பியிருப்பாரா? கோவை லேத் பட்டறைகளில் கூர்முனையைச் சாய்வாகச் சீவுவதற்கு 'சேம்பர் அடி' என்பார்கள். 'சாம்ஃபர்' என்பதுதான் அப்படி ஆனது. பட்டறைக்குள் அந்தச் சொல்லால் வேலை சுத்தமாக நடக்கிறது. ஆனால் சேம்பர் என்றால் ஆங்கிலத்தில் அறை. டிராயிங்கில் அப்படி எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினால் அங்கே இருப்பவர் வேறு எதையோ தேடுவார். அந்த இடத்தில்தான் திருத்தம் தேவை.

பையனின் தவறால் அர்த்தம் கெடவில்லை. பையர் புரிந்துகொண்டிருப்பார். அர்த்தத்தையே கவிழ்க்கிற தவறு ஒன்று நம் ஆபீஸ்களில் யாரும் சிரிக்காமலே போய்க்கொண்டிருக்கிறது. 'இன் வியூ ஆஃப்' என்பதற்கு 'இன் லியூ ஆஃப்' என்று எழுதுகிறார்கள். முன்னது 'முன்னிட்டு', பின்னது 'பதிலாக'. தீபாவளி விடுமுறையை முன்னிட்டு ஷிப்மென்ட் தள்ளிப்போகும் என்று நாம் சொல்ல நினைக்க, விடுமுறைக்குப் பதிலாக என்று அங்கே போய்ச் சேருகிறது. ஆர்டரில் துணி மாற்றம், தேதி மாற்றம் பேசும்போது இந்த ஒரு சொல் பணத்தில் கை வைக்கும். அந்த மானேஜர் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்ட ஆசைப்பட்டால், யார் எழுதியது என்று சொல்லாமல் இதை எடுத்து விளக்கட்டும். ஆபீஸுக்கே உபயோகமாக இருக்கும்.

'அலங்காரம் எதற்கு' என்று கேட்டீர்களே, அதில் ஒரு பாதி எனக்கும் சம்மதம்தான். வியாபார மெயிலில் அந்தத் தொடரே வேண்டியதில்லை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆனால் அரைகுறையாகத் தெரிந்தவன் வாய் திறக்கக் கூடாது என்ற மறுபாதி சரியில்லை. பேசிப் பேசித்தானே எந்த மொழியும் வரும்? காதால் பிடித்த தொடரை எழுதுமுன் அகராதியில் ஒருமுறை எழுத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது போதும். அடுத்த மெயிலை அவனே எழுதட்டும். அனுப்புமுன் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், சிரிக்காத ஒருவராகப் பார்த்து அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.