ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ‘ஊய்ங்’ சத்தம்: கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ‘ஊய்ங்’ என்று சத்தம் ஏறுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மேடு ஏறும்போது பிக்கப்பும் குறைந்திருக்கிறது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். கியரோ பேரிங்கோ தேய்ந்தால் சத்தம் வரும், ஆனால் பிக்கப் குறையாது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருப்பதால், டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இன்ஜினுக்குப் போகும் காற்று வழியில் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலைக்குப் போங்கள். (பாட்டை அணைத்ததும் சத்தமும் போய்விட்டால் அது ஸ்பீக்கர் வழியாக வரும் மின் இரைச்சல். மியூசிக் சிஸ்டத்தின் எர்த் வயரைப் பார்த்தால் போதும்.)

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். அதே சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் பெல்ட் பக்கம். இந்த வண்டியில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவதால் ஸ்டீயரிங் பம்ப் கிடையாது. ஆல்டர்னேட்டர், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), தண்ணீர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் பேரிங்குகள்தான் மிச்சம். இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே 30 விநாடி மட்டும் இன்ஜினை ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டதா? ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் கரகரப்பது எதுவோ அதுதான். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் 30 விநாடியைத் தாண்ட வேண்டாம்.

நியூட்ரலில் சத்தம் இல்லை என்பதால் மட்டும் டர்போ நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். இன்ஜினுக்கு லோடு இல்லாதபோது டர்போ காற்றை அழுத்துவதே மிகக் குறைவு. அழுத்தம் இல்லாமல் ஓட்டை விசிலடிக்காது.

அடுத்து, 60 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரிலும் பிறகு நான்காவதிலும் ஓட்டுங்கள். வேகம் அதே, ஆனால் சத்தத்தின் சுருதி இறங்குகிறது என்றால் அது இன்ஜின் அல்லது டர்போ. சுருதி மாறவில்லை என்றால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி), வீல் பேரிங், டயர். அதே வேகத்தில் கிளட்சை மிதித்து உருளவிடும்போதும் உறுமல் தொடர்ந்தால் வீல் பேரிங்கும் டயரும்தான். ஸ்டீயரிங்கை இலேசாக இடப்பக்கம் ஒடிக்கையில் உறுமல் கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் ஒடிக்கையில் கூடினால் இடது.

கடைசியாக மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். பிறகு அதே 2,000-த்தில் மெல்ல மிதித்து ஓட்டுங்கள். முழுதாக மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்து, கூடவே கரும்புகையும் தெரிந்தால் காற்று ஒழுகுவது ஏறக்குறைய உறுதி.

பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைத் துணியால் துடையுங்கள். ஒழுகும் இடத்தில் எண்ணெயும் தூசியும் கலந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். கீறல் பெரும்பாலும் கிளிப்பின் ஓரத்தில், ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கையால் வளைத்தால்தான் வாய் திறக்கும். ஐடிலிங்கில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் எதுவும் தெரியாது. டர்போவின் காற்று நுழையும் வாயை மூடி, ரெகுலேட்டர் வைத்து 15 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றித்தான் நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை நேரடியாகக் கொடுத்தால் நல்ல ஹோஸும் கிழியும்.

கீறிய ஹோஸுக்கு டேப் சுற்றுவது வீண், உள்ளே படியும் எண்ணெய் இரண்டே நாளில் அதைக் கழற்றிவிடும். புது ஹோஸைக் குழாயின் விளிம்பு மேட்டைத் தாண்டும்வரை தள்ளி, அந்த மேட்டுக்குப் பின்னால் கிளிப் உட்காரும்படி இறுக்குங்கள்.

ஹோஸ் எல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியபின் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால் அது இயல்பு. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, இறக்கை நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவை மாற்றத்தான் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற தண்டு அது. இன்ஜின் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் அடி வாங்குவது அதுதான்.

கியர் பாக்ஸை எப்போது சந்தேகிக்கலாம்? ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால். அல்லது ஐடிலிங்கில் நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் (இன்புட் ஷாஃப்ட் பேரிங்). மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்). அப்போதும் இறக்குவதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் சீல் கசிந்து ஆயில் குறைந்தாலே கியர் ஊளையிடும். மேனுவலில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் சின்க்ரோ வளையத்தின் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துவது) பித்தளை அரிக்கப்படலாம்.

சத்தத்தோடு நீலப்புகையும் வந்தால் மட்டும் வண்டியை ஓட்டவே வேண்டாம். டர்போ சீல் உடைந்தால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுதாக அழுத்தி, ஐந்தாவது கியர் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்துவிடும்.