வியன்னா: கப்பல்துறையிலிருந்து ஸ்டீபன் பேராலயத்துக்கு நடந்தே போகலாமா?

டான்யூப் ஆற்றுக் கப்பல் பயணத்தில் வியன்னாவைப் பார்க்க ஏழு மணி நேரமே கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; எனவே நடக்க வேண்டாம். கப்பல் ரைக்ஸ்புரூக்கே பாலத்தருகே நின்றால், ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸே நிலையத்தில் யு1 மெட்ரோ ஏறி, நான்காவது நிறுத்தமான ஸ்டீபன்ஸ்பிளாட்ஸில் இறங்குங்கள். வெளியே வந்ததும் பேராலயம் கண்முன் நிற்கும்.

"வரைபடத்தில் ஆறு நகர மையத்தை ஒட்டித்தானே ஓடுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் டான்யூப் கால்வாயாக இருக்கும். அது ஆற்றின் ஒரு கிளை. உங்கள் கப்பல் நிற்கும் முதன்மை டான்யூப் ஆறு, 1870-75இல் வெட்டி நேராக்கப்பட்ட படுகையில், மையத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தள்ளி ஓடுகிறது.

பயணத்திட்டத்தில் துறையின் பெயரைச் சரிபாருங்கள். நுஸ்டார்ஃப் என்ற வேறொரு துறையாக இருந்தால் மேற்சொன்ன வழி பொருந்தாது. அங்கிருந்து டி டிராம் உங்களை பழைய நகர மையத்தைச் சுற்றியுள்ள ரிங் சாலைக்குக் கொண்டுவரும்.

ஷோன்புருன் அரண்மனையையும் சேர்க்க விரும்புகிறீர்கள். என் கருத்தில் அதை விட்டுவிட்டு, பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள் ஏறுவதே மேல். குறுகிச் சுழன்று மேலேறும் அந்தக் கற்படிகளின் முடிவில், சன்னல் வழியே, வண்ண ஓடுகள் வேய்ந்த கூரையை மிக அருகில் காணலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வடக்குக் கோபுரத்தில் மின்தூக்கி உண்டு.

ஒன்றை மறவாதீர்கள்: வியன்னா துறையில் கப்பல்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தப்படுவதால், வேறொரு கப்பலின் உள்ளே நடந்துதான் உங்கள் கப்பலை அடைய நேரலாம். துறை எண்ணைக் குறித்துக்கொண்டு, புறப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.